ஐந்து பேர், இரண்டிரண்டு இருக்கைகள்

பொழுதுபோக்குப் பூங்காவில் உள்ள விளையாட்டுகளில் பெரும்பாலானவை இரட்டைப்படை எண்ணை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. ரோலர் கோஸ்டரில் வரிசைக்கு இரண்டு இருக்கைகள், பெரியதாக இருந்தால் நான்கு. டாஷிங் காரில் இருவர். தண்ணீரில் சறுக்கி விழும் படகில் இரண்டிரண்டு பேராக அடுத்தடுத்து. நாங்கள் போனதோ ஐந்து பேர். ஆகவே காலையில் வாயிலைத் தாண்டியதிலிருந்து இரவு விளக்குகள் எரியும் வரை எங்களுக்குள் ஓயாமல் நடந்த விவாதம் எதில் ஏறுவது என்பதைப் பற்றியதல்ல. யார் எங்கே, யார் பக்கத்தில் உட்காருவது என்பதைப் பற்றியது.

இந்த விவாதத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. கட்டடப் பொறியாளனாக இருக்கும் நண்பன் எதிலும் கடைசி இருக்கைதான் வேண்டும் என்பவன். அதற்குக் காரணங்களையும் கோவையாக வைத்திருப்பான், கேட்காமலேயே சொல்லவும் செய்வான். எங்களுள் நெடியவனான மற்றொருவன், முன்னால் ஒருவருடைய தலை தெரிந்தால் அது பயணமே அல்ல என்று நினைப்பவன். முதல் வரிசையில் கால் நீட்ட இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை அவன் வெளியில் சொல்வதில்லை. தணிக்கைத் துறையில் வேலை செய்யும் தோழிக்கு இருக்கை எதுவானாலும் கவலையில்லை, காத்திருக்கும் நேரம் குறைய வேண்டும், அவ்வளவுதான். பள்ளி ஆசிரியையான இன்னொரு தோழி, தலைகீழாகப் போகும் எதிலும் தான் ஏறப்போவதில்லை என்று வரும் வழியிலேயே அறிவித்துவிட்டாள். ஐந்தாவது ஆள் நான். எனக்குக் கடைசி இருக்கைக் கட்சியில் சாய்வு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெரிய ரோலர் கோஸ்டரின் வரிசையில் நின்றபோது தணிக்கைத் தோழி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டாள். ஒரு ரயிலில் 24 இருக்கைகள். ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்புகிறது. ஆக மணிக்கு 720 பேர். நமக்கு முன்னால் 360 பேர் நின்றால் அரை மணி நேரம். ஆனால் கணக்கு அப்படியே பலிக்கவில்லை. மூவராகவும் ஐவராகவும் வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் ஓர் இருக்கையைக் காலியாக விட்டுவிட்டு ஏறினார்கள். அந்தக் காலி இருக்கைகள் சேரச் சேர, பின்னால் நிற்பவர்களின் நேரம்தான் நீண்டது. தனியாக வருபவர்களுக்கென்று பல பூங்காக்களில் வேறொரு வரிசை வைத்திருப்பது இதற்காகத்தான். இருக்கைகளில் விழும் ஓட்டைகளை அந்த வரிசையில் நிற்பவர்களைக் கொண்டு அடைத்துவிடுகிறார்கள். அந்த வரிசை வேகமாக நகரும் என்றாலும், பக்கத்தில் யார் உட்காருவார், முன்னாலா பின்னாலா என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நண்பர்களோடு வந்துவிட்டு அந்த வரிசையில் போய் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றாகக் கிளம்பி வந்தது தனித்தனியாகக் கத்துவதற்கா? தணிக்கைத் தோழி இதை உணர்ச்சிவசப்பட்ட வாதம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டாள்.

அந்தக் கோஸ்டரில் வளையம் இருந்ததால் ஆசிரியைத் தோழி ஏறவில்லை. எங்கள் பைகளையும் கண்ணாடிகளையும் வாங்கிக்கொண்டு கீழே நின்றாள். மீதி நால்வர் என்பதால் இரட்டைப்படைச் சிக்கல் தானாகத் தீர்ந்தது: நெடியவனும் தணிக்கைத் தோழியும் முதல் வரிசையில், பொறியாளனும் நானும் கடைசியில்.

முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் பிரமை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பிரமை அல்ல. ரயிலின் பெட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை, எனவே எந்த நொடியிலும் அனைத்துக்கும் வேகம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு பெட்டியும் ஒரே மேட்டை வெவ்வேறு நொடியில் கடக்கிறது. முதல் பெட்டி உச்சியைத் தாண்டும்போது ரயிலின் பெரும்பகுதி இன்னும் பின்பக்கச் சரிவில், இழுவைச் சங்கிலியின் பிடியில் இருக்கிறது. ஆகவே முன்னால் இருப்பவர்கள் மெதுவாக விளிம்புக்கு வந்து, தரையை நேராகப் பார்த்தபடி, விழாமல் தொங்கிக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்பெட்டிகள் எல்லாம் பள்ளத்தை நோக்கிப் பாயத் தொடங்கி ரயில் வேகம் எடுத்திருக்கும். அதனால் பின்னால் இருப்பவர்கள் உச்சியைக் கடப்பதில்லை. உச்சிக்கு மேலே வீசப்படுகிறார்கள் என்று சொல்வதே சரி. உடல் வீசிய கல்லைப் போலத் தன் போக்கில் மேலே போகப் பார்க்க, தண்டவாளம் அதைவிடச் செங்குத்தாகக் கீழே வளைந்துவிடுகிறது. இருக்கை நம்மைவிட்டு விலக, தொடைமேல் இருக்கும் பட்டைதான் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. பொறியாளன் அந்த இடத்தில் இரண்டு கைகளையும் தூக்கினான். நான் பட்டையை விடவில்லை.

நடுப்பெட்டிக்கென்று ஒரு கட்சி எங்களிடம் இல்லை என்றாலும் அதற்கும் ஒரு பெருமை உண்டு. பள்ளத்தின் அடியில் ரயில் மிகவும் வேகமாகப் போவது, அதன் நடுப்பகுதி பள்ளத்தின் ஆழமான இடத்தில் இருக்கும்போதுதான். எனவே இருக்கையோடு சேர்த்து நசுக்குகிற அந்தக் கனம் நடுவில் இருப்பவர்களுக்கே அதிகம் கிடைக்கும். மேட்டில் பறப்பதை விரும்புபவர்கள் கடைசிக்கும், பள்ளத்தில் அழுந்துவதை விரும்புபவர்கள் நடுவுக்கும் போகலாம். காட்சி வேண்டுமென்றால் முன்வரிசையைத் தவிர வேறு வழியில்லை.

பெட்டிகள் தண்டவாளத்தைவிட்டுப் பறந்துவிடாமல் இருப்பது எப்படி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏறுமிடத்தில் குனிந்து பார்த்தால் தெரியும்: தண்டவாளத்தின் மேலே ஓடும் சக்கரம் ஒன்று, பக்கவாட்டில் தழுவி ஓடும் சக்கரம் ஒன்று, அடியிலிருந்து பற்றிக்கொள்ளும் சக்கரம் ஒன்று. அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1919 இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய கோஸ்டர்களின் மேடுகள் மென்மையாக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பெட்டி தண்டவாளத்தைவிட்டு எழும்பிவிடும். அடிச்சக்கரம் வந்த பிறகுதான் ஆட்களை இருக்கையிலிருந்து எழும்ப வைக்கும் அளவுக்குக் கூர்மையான மேடுகளைக் கட்டும் துணிச்சல் வந்தது. கடைசி இருக்கைக் கட்சிக்காரர்கள் இந்த மனிதருக்கு நன்றிக்கடன் பட்டவர்கள்.

பின்னிருக்கைக்கு மருத்துவச் சான்றிதழும் உண்டு என்று பொறியாளன் சொன்னபோது அளக்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அது உண்மை. ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டின் ஒரு கோஸ்டரில் ஏறிவிட்டு வந்த நோயாளிகள் சிறுநீரகக் கல் வெளியேறிவிட்டதாகச் சொன்னதைக் கேட்ட டேவிட் வார்ட்டிங்கர் என்ற மருத்துவர், சிலிக்கோனில் செய்த மாதிரிச் சிறுநீரகம் ஒன்றுக்குள் கற்களை வைத்து, அதைப் பையில் சுமந்துகொண்டு மீண்டும் மீண்டும் அந்த ரயிலில் ஏறினார். முன்னால் உட்கார்ந்தபோது சுமார் 17 சதவீதக் கற்களும் பின்னால் உட்கார்ந்தபோது சுமார் 64 சதவீதக் கற்களும் இடம்பெயர்ந்தன. இந்த ஆய்வு 2016 இல் வெளியாகி, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கப்படும் இக் நோபல் பரிசையும் 2018 இல் பெற்றது. எங்கள் ஐவரில் யாருக்கும் கல் இல்லாததால் வாதம் அந்த அளவில் நின்றது.

கீழே நின்ற ஆசிரியைத் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏற மறுத்தாளே தவிர, எங்கள் எல்லாரையும்விடக் கூர்மையாகக் கவனித்தவள் அவள்தான். ரயில் மேலே ஏறும்போது கேட்கும் “டக் டக்” ஒலி என்ன என்று முதலில் கேட்டவள் அவள். அது சங்கிலியின் ஓசை அல்ல. பெட்டியின் அடியில் உள்ள ஒரு நாக்கு, தண்டவாளத்தின் நடுவே ரம்பம்போல் அமைந்த பற்களில் ஒவ்வொன்றாக விழும் ஓசை. சங்கிலி அறுந்தாலும் அந்த நாக்கு பல்லில் சிக்கிக்கொள்ளும், ரயில் பின்னால் உருளாது. அச்சமூட்டுவதற்காகவே வைத்திருப்பதுபோலத் தோன்றும் அந்த ஒலி உண்மையில் பாதுகாப்பின் ஒலி. அடுத்து, பின்னால் வரும் ரயில் வந்து மோதாதா என்று கேட்டாள். பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பகுதியில் ஒரு ரயில் இருக்கும்வரை அடுத்த ரயிலுக்கு அங்கே அனுமதி கிடையாது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ரயிலை நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு. விளக்கத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு, நன்றாகப் புரிகிறது, இருந்தாலும் ஏறமாட்டேன் என்றாள். அவளைக் கையைப் பிடித்து இழுக்க முயன்ற நெடியவனை நாங்கள் தடுத்தோம். பயப்படுகிறவரைக் கட்டாயப்படுத்தி ஏற்றுவதை வேடிக்கை என்று நினைக்கும் பழக்கம் நண்பர் கூட்டங்களில் பரவலாக இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. பூங்காவுக்கு வந்தவர் எல்லாவற்றிலும் ஏறியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அவள் அஞ்சிய வளையத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. நியூயார்க்கின் கோனி தீவில் 1895 இல் திறக்கப்பட்ட ஃபிளிப் ஃபிளாப் ரயில்வேயின் வளையம் கிட்டத்தட்ட முழு வட்டமாக இருந்தது. வட்டம் என்பது காகிதத்தில் அழகாக இருக்கும், கழுத்துக்கு ஆகாது. உச்சியில் கீழே விழாமல் இருப்பதற்கு மட்டுமே போதுமான வேகத்தில் நுழைந்தால்கூட, வட்டத்தின் அடியில் உடல் தன் எடையைப்போல் குறைந்தது ஆறு மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும், அதுவும் படிப்படியாக அல்ல, நுழைந்த கணத்திலேயே. கழுத்தையும் முதுகையும் பிடித்துக்கொண்டு இறங்கியவர்களால் அந்த வளையங்கள் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 1976 இல் வந்த ரெவல்யூஷன் கோஸ்டரில் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் வட்டத்தைக் கைவிட்டு, அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருக்கும் நீர்த்துளி வடிவத்தைப் பயன்படுத்தினார். இன்று நாம் ஏறும் வளையங்கள் அந்த வழியில் வந்தவை. தலைகீழாக இருந்தபோது எனக்குத் தலைகீழாக இருக்கிறோம் என்ற உணர்வே வரவில்லை என்பதுதான் வேடிக்கை. வானம் காலடியில் இருந்ததைக் கண்கள் சொன்னன, உடல் ஒப்புக்கொள்ளவில்லை.

இருக்கைச் சண்டை தொடக்கத்திலேயே இருந்ததா என்று யோசித்துப் பார்த்தால், இல்லை. லமார்கஸ் தாம்சன் அதே கோனி தீவில் 1884 இல் திறந்த ஸ்விட்ச்பேக் ரயில்வேயில் பயணிகள் ஒரு நீண்ட பலகையில் பக்கவாட்டாக, வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். வேகம் மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர். வேடிக்கை பார்ப்பதற்காக ஏற்பட்ட ரயில் அது. முன்வரிசை, பின்வரிசை என்ற பேதங்கள் வேகம் வந்த பிறகு வந்தவை.

மதியத்துக்கு மேல் ஆசிரியைத் தோழியும் சேர்ந்துகொண்டதால் மறுபடியும் ஐவரானோம். சங்கிலியில் தொங்கும் இருக்கைகளோடு சுழலும் ஊஞ்சல் ராட்டினத்தில் இருவர் இருவராக உட்கார்ந்தபோது தணிக்கைத் தோழி தனியாக ஓர் இரட்டை இருக்கையில் அமர்ந்தாள். அவளுக்கு முன்னால் எங்கள் குழுவிலேயே எடை கூடிய இருவர்: நெடியவனும் பொறியாளனும். எடை குறைந்தவள் அதிகமாக வெளியே வீசப்படுவாள் என்று நெடியவன் பயமுறுத்தினான். ராட்டினம் வேகம் எடுத்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆட்கள் நிறைந்த இருக்கையும் அவளுடைய பாதி காலியான இருக்கையும் அதற்கு அப்பால் யாருமே இல்லாத ஓர் இருக்கையும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் சாய்ந்து பறந்தன. சங்கிலியின் சாய்வைத் தீர்மானிப்பவை சுற்றும் வேகமும் சுற்றின் அகலமும்தான். எடை இருபக்கமும் அடிபட்டுப் போய்விடுகிறது. பாடப்புத்தகத்தில் இதைப் படித்தபோது ஏற்படாத நம்பிக்கை, அந்தக் காலி இருக்கை நம் அருகில் அதே சாய்வில் பறப்பதைப் பார்க்கும்போது ஏற்படுகிறது. ஆசிரியைத் தோழி அதைக் கைப்பேசியில் படம் எடுக்க முடியவில்லையே என்று குறைப்பட்டாள், வகுப்பில் காட்டலாமாம்.

கொலம்பஸ் கப்பலில் சண்டை மீண்டும் வந்தது. அங்கே கடைசி என்பது இரண்டு பக்கமும் உண்டு. கப்பலின் இரு நுனிகளில் இருப்பவர்கள் நடுவில் இருப்பவர்களைவிட மிக உயரத்துக்குப் போகிறார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஊஞ்சல் மட்டுமே. ஆகவே அச்சமுள்ளவர்களும் ஆர்வமுள்ளவர்களும் ஒரே விளையாட்டில் ஏறி, தங்களுக்குத் தகுந்த அளவு பயத்தை எடுத்துக்கொள்ள வசதியான ஏற்பாடு இது. ஆசிரியைத் தோழி நடுவில் உட்கார்ந்து நிம்மதியாக இருந்தாள். இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதால், ஒரு நுனியில் இருந்த நாங்கள் உச்சிக்குப் போகும்போதெல்லாம் மறுநுனியில் இருந்த நெடியவனின் முகம் கீழே எங்களை நோக்கி விரிந்தது. மற்ற எந்த விளையாட்டிலும் நண்பனின் பயத்தை இவ்வளவு நேருக்கு நேர் பார்க்கக் கிடைக்காது. அன்றைய நாளில் நான் அதிகம் சிரித்தது அங்கேதான்.

செங்குத்தாக விழும் கோபுரத்தில் எல்லா இருக்கைகளும் தூணைச் சுற்றி வெளிப்பக்கம் பார்த்தவை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 30 மீட்டர் தடையின்றி விழுவதற்கு இரண்டரை நொடிதான் ஆகும், அதற்குள் வேகம் மணிக்கு ஏறத்தாழ 87 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். இத்தகைய கோபுரங்கள் பலவற்றில் நிறுத்துவது காந்தம். வலிமையான காந்தங்களும் உலோகத் தகடுகளும் ஒன்றையொன்று கடந்துபோகும்போது தகடுகளுக்குள் பிறக்கும் மின்னோட்டமே வேகத்தைத் தடுக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் தேவையில்லை; மின்சாரம் போனாலும் நிற்கும். விழும் நேரத்தைவிட மேலே அசையாமல் நிறுத்திவைக்கும் நேரம்தான் கொடியது என்பது ஏறிய மூவரின் ஒருமித்த கருத்து.

ஐவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது ராட்சத ராட்டினத்தின் கூண்டில் மட்டுமே. சிகாகோவின் உலகக் கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ் 1893 இல் நிறுவிய முதல் பெரும் ராட்டினம் சுமார் 80 மீட்டர் உயரம் கொண்டது. 36 கூண்டுகள், ஒவ்வொன்றிலும் 60 பேர். ஒரே நேரத்தில் 2160 பேரைச் சுமந்தது என்றால் அந்தக் காலத்தில் ஐவர் குழு எந்தக் கணக்கையும் கெடுத்திருக்காது. எங்கள் கூண்டு சிறியது, முழங்கால்கள் இடித்தன. மேலிருந்து பார்த்தபோது காலையிலிருந்து நடந்த தூரம் எல்லாம் கைக்குட்டை அளவு இடத்தில் அடங்கியிருந்தது. அங்கே பேசியதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

மாலையில் குடும்பங்கள் கிளம்பிவிட, பெரிய கோஸ்டரின் வரிசை குட்டையாகிவிட்டது. காலையில் முதல் ரயிலில் ஏறுபவர்களைவிட மாலையில் ஏறுபவர்களுக்கு வேகம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். நாள் முழுவதும் ஓடிச் சூடான சக்கரங்களும் இளகிய மசகும் தடையைக் குறைக்கின்றன. அதற்காகவே இரண்டாம் முறை ஏறத் தீர்மானித்தோம். இம்முறை தணிக்கைத் தோழி ஒரு நிபந்தனை விதித்தாள்: இரு கட்சியினரும் இடம் மாறி உட்கார வேண்டும், பிறகுதான் தீர்ப்பு. நெடியவன் கடைசி வரிசையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். முன்வரிசை என்பது அழகு பார்ப்பவர்களுக்கானது, அதில் ஒன்றும் இல்லை என்று காலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த பொறியாளன் என்னோடு முதல் வரிசைக்கு வந்தான். இறங்கிய பிறகும் இருவரும் தத்தம் கட்சியைவிட்டு மாறவில்லை. ஆனால் வெளியேறும் வழியில், முதல் சரிவில் தானாக எடுக்கப்படும் புகைப்படங்களைத் திரையில் காட்டுவார்கள் அல்லவா, அதன் முன்னால் ஆசிரியைத் தோழி எங்களுக்கு முன்பே போய் நின்றிருந்தாள். கடைசி வரிசையில் நெடியவன் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தான். முதல் வரிசையில் பொறியாளன் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டிருந்தான். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றான். முதல் வரிசையில் மறைப்பதற்கு ஆளில்லாமல் காற்று நேரே முகத்தில் அடிக்கும் என்பது உண்மைதான் என்பதால், அதை எங்களால் மறுக்கவும் முடியவில்லை.